மதினி குளிப்பாட்டிய கிடா

மதினி,

இன்று காலை கூலாய் ஊர் முழுக்க நனைந்த ஆட்டு வாடை. கூலாய் முழுக்க என்று நான் எழுதினால், எங்கள் கொல்லைப்புறம் மட்டும் என்று நீ படித்துக்கொள்வாய். உயிரோடு இருந்தபோதும் என் பேச்சில் முக்கால்வாசியைக் கழித்துவிட்டுத்தான் காதில் வாங்குவாய். போன இடத்திலும் அந்தப் பழக்கத்தை விட்டிருக்க மாட்டாய்.

நான் கடை அடுப்பில் ஆட்டுக்கால் வாட்டிக்கொண்டிருந்தேன். ஜொகூர் ராஜ்ஜியத்தின் சூப்புச் சக்கரவர்த்தி என்று நான் எனக்கே பட்டம் கட்டிக்கொண்டு நடத்தும் கடை. நாலு பலகை, ஒரு தகரக் கூரை. நான் கரண்டியைச் சட்டியில் தட்டினால் சிங்கப்பூர் ரயில் நின்றுவிடும் என்று வருகிறவர்களிடம் சொல்வேன். ரயில் எப்படியும் இங்கே நிற்கும் என்பதை அவர்களும் அறிவார்கள், பாவம், சிரிப்பார்கள்.

கருகும் மயிர் வாடைக்கு என் மூக்கு செத்துப்போய் வெகுகாலம் ஆகிறது. அதையும் தாண்டி இந்த ஈர வாடை ஏறியது. திரும்பிப் பார்த்தால் கிணற்றடியில் உன் மகள், ஒரு கருப்புக் கிடாயை நிறுத்தி வைத்து, வாளி வாளியாக ஊற்றித் தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவள் புருசன் மழை மாதத்திலிருந்து காய்ச்சலில் கிடந்து இப்போதுதான் கஞ்சி இறங்குகிறது. அவனுக்காக முனீஸ்வரனுக்கு நேர்ந்துவிட்ட கிடாயாம். கிடா கண்ணை மூடிக்கொண்டு கழுத்தை நீட்டிக்கொடுத்தது.

என் கையிலிருந்த கால் தீயிலேயே கரியாகிவிட்டது, மதினி.

கழுத்தை அப்படி நீட்டிக்கொடுத்த இன்னொரு கிடாயை நம் இருவருக்கும் தெரியும். அப்போது உன் மகள் இடுப்பில் துணி நிற்காத வயது. அவளுக்கு எதுவும் நினைவில்லை. நம் வீட்டில் நினைவுள்ள மூன்று பேரில் அண்ணன் முதலில் போனார், போன வருசம் நீயும் போனாய். மிச்சம் நான் ஒருவன். அதனால்தான் சட்டியை இறக்கி வைத்துவிட்டு உனக்கு எழுதுகிறேன்.

காஹாங் பக்கத்துத் தோட்டத்தில் நாம் இருந்தபோது ரப்பர் விலை விழுந்தது. அது விழுந்த சத்தத்தில் காட்டு யானைகள் பஹாங் வரை ஓடின என்று அன்றைக்கே சொல்லி உன்னிடம் திட்டு வாங்கினேன். யானை ஓடியதோ இல்லையோ, சனம் ஓடியது. வரிசை வீடுகளாக நின்ற லயத்தில் பாதி காலியாகி நாகப்பட்டினத்துக்குக் கப்பலேறியது. மிச்சமிருந்தவர்களுக்கு அரைநாள் வேலை, மரவள்ளிக் கிழங்கு, கிழங்கு தீர்ந்தால் அதன் இலை. கறி என்ற சொல்லை உரக்கச் சொன்னால் பக்கத்து வீட்டில் அடிதடி வரும் என்ற நிலைமை.

அந்த வருசம்தான் அண்ணனுக்குக் காய்ச்சல் கண்டது. குளிர் வந்து கட்டிலோடு சேர்த்து ஆட்டும். கசப்பு மருந்தை விழுங்கி விழுங்கி அவர் எச்சிலைத் தொட்ட எறும்புகூடத் திரும்பிப் போனது. ஒரு நாள் பேச்சு நின்றது. நீ தோட்ட எல்லையில் இருந்த முனி மரத்தடிக்கு ஈரப் புடவையோடு நடந்துபோய், ஆளை எழுப்பிக் கொடு, உனக்கு ஒரு கிடா என்று சொல்லிவிட்டு வந்தாய். காய்ச்சல் இறங்கியது. ஊர் விட்டுப் போகும் ஒரு குடும்பம் இழுத்துப்போக முடியாமல் விட்டுப்போன குட்டி ஒன்று உன் கைக்கு வந்தது. கருப்பு, நெற்றியில் வெள்ளை. தோட்டத்திலேயே வேலை செய்யாமல் மூன்று வேளையும் தின்கிற உருப்படி அது ஒன்றுதான் என்பதால் அதற்குப் பெரிய துரை என்று நான்தான் பெயர் வைத்தேன்.

பெரிய துரை நம் வீட்டு வாசலில் கட்டிக் கிடந்தார். ஒற்றை அறை. அண்ணன் படுத்திருந்த இடத்துக்கும் கிடாய்க்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர். வாடை தாங்காமல் அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். நீ ரப்பர் பால் வெட்டி முடித்து வந்ததும் முதல் வேலையாகக் கிடாயைக் குழாயடிக்கு இழுத்துப்போவாய். உண்ணி எடுப்பாய், அட்டை பிடுங்குவாய், தலை முதல் வால் வரை ஊற்றித் தேய்ப்பாய். ஒரு நாள்கூட விட்டதில்லை.

"மதினி, மாப்பிள்ளைக்கு இன்னிக்குப் பொண்ணு பாக்கப் போறோமா?"

"உங்கண்ணனுக்கு நாத்தம் குடலைப் புரட்டுது கொழுந்தனாரே."

"அதுக்காக? உங்க கல்யாணத்துக்குக்கூட அண்ணன் இப்படிக் குளிச்சதில்ல."

"சாமிக்கு விட்ட உருப்படி அழுக்கா நிக்கலாமா? நீரும் வாரும், சேர்த்துத் தேய்ச்சு விடுறேன். ரெண்டுக்கும் தாடி ஒண்ணுதான்."

குழாயடியில் நின்ற பெண்களெல்லாம் சிரித்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணன் சிரித்ததும் கேட்டது. கிடா கண்ணை மூடி, இன்னும் கொஞ்சம் என்பது போலக் கழுத்தை நீட்டியது. வாரக்கணக்கில் நடந்த அந்தச் சுகமான காரியத்தில் என்ன கேடு ஊறிக்கொண்டிருந்தது என்று அங்கிருந்த ஒருவருக்கும் உறைக்கவில்லை. ஆடு வெட்டியே பிழைத்த பரம்பரை நாம். நமக்கே உறைக்கவில்லை.

வெட்டு நாள் வந்தது. கறி தின்று மாதக்கணக்கான லயம் முழுவதும் முனி மரத்தடியில் கூடியிருந்தது. அண்ணனை நானும் இன்னொருவரும் தாங்கிக்கொண்டு போய்ச் சாக்கு விரித்து உட்கார வைத்தோம். போர்வை போர்த்தியிருந்தாலும் முகம் தெளிவாக இருந்தது. மூன்று கல்லடுப்பில் சோறு பொங்கியது. அம்மியில் மல்லியும் மிளகும் அரைத்து உருட்டி வைத்தாயிற்று. பிள்ளைகள் இலையைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

பூசாரி மாலை போட்டு, வேப்பிலை வைத்து, மஞ்சள் தண்ணீரைக் கிடாயின் தலையிலிருந்து முதுகு நெடுக ஊற்றினார். நம் வழக்கம் உனக்குத் தெரியாததா. தண்ணீர் பட்டதும் கிடா சிலுப்பி உதற வேண்டும். சிலுப்பினால் சாமி ஏற்றுக்கொண்டது, குலவை போடலாம், வெட்டலாம். சிலுப்பாத கிடாய் மேல் அரிவாள் விழக்கூடாது.

பெரிய துரை சிலுப்பவில்லை. கண்ணை மூடினார். கழுத்தை நீட்டினார்.

பூசாரி இன்னொரு செம்பு ஊற்றினார். கிடா ஓரடி முன்னால் வந்து அவர் கையில் தாடையைத் தேய்த்தது. குளிப்பாட்டுகிறவர் ஏன் நாரை எடுக்கவில்லை என்று காத்திருந்தது. இன்னும் ஊற்றினார். குளிர்ந்த தண்ணீர் கொண்டுவரச் சொல்லி ஊற்றினார். குலவைக்கு வாயெடுத்திருந்த கிழவிகள் ஒவ்வொருவராக வாயை மூடினார்கள்.

"மனசில்ல," என்றார் பூசாரி. "சாமிக்கு மனசில்ல."

"யாரு பேர்ல குத்தம்னு கேளுங்க," என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

நீ கிடாயைப் பார்க்கவில்லை மதினி, பூசாரியையும் பார்க்கவில்லை. நாரில்லாமல் வெறுமனே கிடந்த உன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டு நின்றாய். நம் கூட்டத்தில் முதலில் புரிந்தது உனக்குத்தான்.

"பழகிப்போச்சு," என்றாய். "தெனம் ஊத்துனேன். தண்ணி பழகிப்போச்சு அதுக்கு."

உன் பேச்சை யாரும் காதில் வாங்கவில்லை. அண்ணன் எழுந்தார். ஒருவரும் தாங்காமல், போர்வையைக் கூட்டிப் பிடித்துக்கொண்டு, லயத்துக்குத் தானே நடந்து போனார். அவர் தன் காலால் நடந்த கடைசி நடை அதுதான். கிடாயை அவிழ்த்துத் திருப்பி ஓட்டிவந்தோம். அடுத்த அமாவாசைக்கு மறுபடி கேட்டுப் பார்க்கலாம் என்று பூசாரி சொன்னார். அரைத்த மசாலாவை வீணாக்க மனமில்லாமல் புளியில் கரைத்துக் கொதிக்கவிட்டார்கள். கறியில்லாத கறிக்குழம்பு. பிள்ளைகள் அதையும் வழித்துத் தின்றார்கள்.

தோட்டத்து மருந்து வீட்டில் காயம் கட்டி மருந்து கொடுக்கும் யாழ்ப்பாணத்து டிரஸ்ஸர் மறுநாள் வந்து பார்த்தார். "காய்ச்சல் விட்டிட்டுது. உடம்பிலை இப்ப ஒண்டுமில்லை. சாப்பிட்டால் எழும்பி நடப்பார். சாப்பிடாட்டி நான் என்னத்தைச் செய்யிறது?" என்றார். நல்ல மனிதர். பாதி பட்டினியில் கிடந்த தோட்டத்தில் சாப்பாட்டை மருந்தாக எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அண்ணன் சாப்பிடவில்லை. கோபமில்லை, வீம்பில்லை. வாயருகே கொண்டுபோனால் தலையை மெதுவாகத் திருப்பிக்கொள்வார். நீ பக்கத்தில் உட்கார்ந்து விளக்கம் சொன்னாய்.

"ஏய்யா, நாந்தான் கெடுத்தேன். தெனம் குளிப்பாட்டி எடுத்தேன். மழையில நனையுற எருமை சிலுப்புமா? அது மாதிரிதான். வேற ஒண்ணுமில்ல."

"ஆட்டுக்குப் பழகும்," என்றார் அண்ணன். "முனிக்குமா பழகும்?"

நீ கிண்ணத்தை மூடி வைத்துவிட்டு எழுந்தாய். பின்னாலேயே நானும் எழுந்தேன், மலாயாவிலேயே பெரிய வாய் என்று பெயரெடுத்த நான்.

வெளியில் வந்து உட்கார்ந்தபோது நீ சொன்னதை நான் மறக்கவில்லை. "சாமி ஏத்துக்கிட்டா என்ன, ஏத்துக்காட்டி என்ன. இந்த மனுசன் ஏத்துக்கணும். அமாவாசை வரைக்கும் உயிரைப் பிடிச்சு வைக்கணும். கிடாய்க்குத் தண்ணிய மறக்க வைக்கிறது என் வேலை. அவர் வாயில எதையாவது இறக்குறது உம்ம வேலை. ஒலகத்தையே சட்டியில போட்டுத் தாளிப்பேன்னு பேசுவீரே. தாளிச்சுக் காட்டும்."

காட்டினேன் மதினி. உலகத்துக் குளம்புகளையெல்லாம் ஒவ்வொன்றாக அண்ணன் கட்டிலுக்கு நடக்க வைத்தேன்.

முதலில் வெள்ளைக்கார ஆடு. நான் அப்போது துரை பங்களாவில் விறகு பிளந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். அங்கே சமைத்த ஹைனான் சீனர், ஐஸில் உறைந்து கப்பலேறி வந்த ஆட்டுத்தொடையை மாவுபோல் வேகவைப்பார். எலும்பைக் கேட்டேன். சதை ஒட்டியிருந்த எலும்பாகவே பார்த்துக் கொடுத்து, பார்லி போட்டுக் கொதிக்கவிடு, மிளகாய் போடாதே என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். சொன்னபடியே வைத்தோம். வெள்ளைவெளேர் என்று, கஞ்சி போட்ட வேட்டியைப் பிழிந்த தண்ணீர் மாதிரி இருந்தது. கடல் தாண்டி வந்த ஆடுண்ணே, ராஜா தின்கிற ஆடு என்றேன். அண்ணன் மோந்து பார்த்தார். "பாவம், அது எவ்வளவு தூரம் வந்திருக்கு," என்றார். குடிக்கவில்லை.

அடுத்தது பன்றிக்கால். காஹாங் கடைத்தெருவில் சீனக் கடை முதலாளி தவுக்கேயின் மனைவி இஞ்சியும் கருப்புக் காடியும் வெல்லமும் போட்டுப் பானை நிறைய வேகவைத்திருந்தாள். மருமகள் பிள்ளை பெற்றிருந்தாள். அது அவர்களுக்குப் பேறுகால மருந்து. நான் கேட்டதும் கலகலவென்று சிரித்தாள். ஆனாலும் ஒரு மங்கு நிறைய ஊற்றிக் கொடுத்தாள். கருகருவென்று, இனிப்பும் புளிப்புமாக, உதட்டோடு உதடு ஒட்டும். பிள்ளை பெற்றவளை எழுப்பி உட்கார வைக்குமாம்ணே என்றேன்.

"நான் எப்படா பிள்ள பெத்தேன்?"

அந்த ஒரு முறை சிரித்தார். விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். நீ வாசலில் நின்று முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாய். அவ்வளவுதான். மங்கைத் தள்ளி வைத்துவிட்டார்.

கம்பம் என்று அவர்கள் சொல்லும் ஆற்றோரக் கிராமத்து மலாய்க்காரர் ஒருவர் கண்ணி வைத்துப் பிடித்த சருகுமான் கொண்டுவந்தார். முயலைவிடக் கொஞ்சம் பெரிசு, குளம்பு நம் சுண்டுவிரல் நகம் அளவு. அவர்களே பூனை அளவு மானுக்குப் புலி அளவு மரியாதை கொடுத்து, சேரை என்கிற எலுமிச்சைப் புல்லும் லெங்குவாஸ் என்கிற பேரரத்தை வேரும் இடித்துப்போட்டு, தேங்காய்ப்பால் சுண்டும்வரை வேகவைத்திருந்தார்கள். லயத்து நாய்களெல்லாம் நம் வாசலுக்கு வந்து மாநாடு கூட்டின. "காசி மாக்கான், சிக்கிட் சிக்கிட்," என்றார் அவர், கொஞ்சம் கொஞ்சமாகக் கொடு என்று. தன் கையாலேயே கரண்டியைப் பிடித்து அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தார். வந்தவர் மனம் நோகக்கூடாது என்று அண்ணன் வாயைத் திறந்தார். விழுங்கினார். அவர் வாசல் தாண்டியதும் வாந்தி எடுத்தார்.

பிறகு காட்டுப்பன்றி. அதை ஈட்டியில் குத்தியவர்கள் நாலு பேர். நான் கதை சொல்லும்போது அது எருமை அளவு வளர்ந்து, தந்தம் முளைத்து, மலையை முட்டிச் சாய்த்தது. அண்ணன் கண்ணைத் திறந்து கதையை முழுக்கக் கேட்டார். கறியை நீ சுக்கும் மிளகும் இடித்துப்போட்டு, கொழுப்பை வழித்தெடுத்துவிட்டு, சாறு மட்டும் வடித்துக் கொண்டுவந்தாய்.

"எத்தனைய கொல்லுவீங்கடா எனக்காக?" என்றார். "வேணாம்னு ஒருத்தன் சொல்லியாச்சு. அவன விடப் பெரியவனா நீங்க?"

சாற்றை என்னைக் குடிக்கச் சொன்னாய். மறுத்தேன். "குடியும். ஒருத்தராச்சும் நிக்கணும் இந்த வீட்டுல," என்றாய். குடித்தேன். அந்த மாதிரி ஒரு சாறு நான் அதற்குப் பிறகு குடித்ததில்லை என்பதை இங்கே மிகைப்படுத்தாமல் எழுதுகிறேன். ருசித்தது. அதுதான் கொடுமை.

உன் வேலையை நீ எப்படிச் செய்தாய் என்று எனக்குத்தான் தெரியும். வெட்டு முடங்கிய நாளிலிருந்து கிடாய் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடவில்லை. மழை வந்தால் சாக்கு போர்த்தினாய். பெரிய துரைக்கு இது விளங்கவில்லை. நீ பால் வாளியோடு திரும்பும் நேரத்துக்குக் கயிற்றை அறுத்துக்கொண்டு குழாயடியில் போய் நிற்பார். கத்துவார். வருகிற போகிற பெண்களின் முழங்கையை முட்டுவார். நீ கல்லெடுத்து விரட்டினாய். மேலே படாமல்தான் எறிந்தாய். லயம் முழுக்க அவர் வாடை. என் கணக்கில் அந்த வாடைக்குக் காஹாங்கில் ரொட்டி உப்பவில்லை.

அமாவாசைக்குச் சில நாள் இருந்தது. பால் நிறுக்கும் நேரம். நீ பால் வெட்டி முடித்து இன்னும் வரவில்லை. நான் அண்ணன் பக்கத்தில் வெந்நீர் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குழாயடியில் கிடா கத்தியது. விட்டு விட்டு, பிள்ளை அழுவது போல.

"தம்பி," என்றார். குனிந்து கேட்டேன். "கத்துதே. பாவம். குளிப்பாட்டச் சொல்லுடா உங்க மதினிய."

சொல்கிறேன் என்றேன். எழுந்து வாசல்வரை போனேன், நீ வருகிறாயா என்று பார்க்க. திரும்பியபோது அவர் இல்லை. காய்ச்சலும் இல்லை, இழுப்பும் இல்லை. டிரஸ்ஸர் சொன்னது சரி, உடம்பில் ஒன்றுமில்லை.

கருமாதி முடிந்தால் மறுநாள் கறி சமைத்து உறவுக்குப் போட்டுத் துக்கத்தை மாற்ற வேண்டும். கறிக்கு எங்கே போவது? வாசலில் ஒரு கிடா நிற்கிறது, தொடத்தான் ஆளில்லை. முனி வேண்டாம் என்று சொன்ன கிடா, யாருக்காக நேர்ந்ததோ அந்த ஆளும் போன கிடா. பூசாரி தலையைச் சொறிந்தார்.

"முனி கேட்டா எங்கிட்ட கேக்கட்டும்," என்றாய். "பொழைக்க வைக்கிறதுக்குத்தானே அது அவனுக்கு. இப்ப இது எங்க வீட்டு ஆடு."

அரிவாள்காரர் வந்து நின்றார். நீ கயிற்றைப் பிடித்துக்கொண்டு குழாயடிக்கு நடந்தாய்.

"எங்க இழுத்துட்டுப் போற?" என்று ஒரு கிழவி கேட்டாள்.

"குளிப்பாட்டச் சொன்னாரில்ல," என்றாய்.

அது நேர்த்தி இல்லை, பூசை இல்லை. மாலை இல்லை, மஞ்சள் இல்லை. செத்தவர் என்னிடம் சொல்லி, நான் உன்னிடம் சேர்த்த ஒரு சொல், அவ்வளவுதான். நீ வாளியைத் தூக்கித் தலையிலிருந்து முதுகு நெடுக ஊற்றினாய்.

பெரிய துரை சிலுப்பினார்.

கொம்பு முதல் வால் நுனி வரை உடம்பு அலையலையாக உதறியது. தண்ணீர் நாலா பக்கமும் தெறித்தது. உன் வெள்ளைப் புடவையில், அரிவாளில், என் முகத்தில். ஆயிரம் கிடா சிலுப்புவதைப் பார்த்தவன் என்று நான் பீற்றிக்கொள்வேன். அதுபோல ஒன்றைப் பார்த்ததில்லை. கேட்ட கிழவிக்கு வாய் தன்னால் திறந்து குலவை கிளம்பிவிட்டது. பாதியில் புரிந்து, கையால் வாயைப் பொத்தி, மிச்சத்தை விழுங்கினாள்.

நீ காலி வாளியோடு கிடாயைப் பார்த்து நின்றாய்.

"இப்ப என்னத்துக்குய்யா?" என்றாய்.

கத்தவில்லை. சோறு ஆறிய பிறகு வீட்டுக்கு வருகிறவரிடம் கேட்பது போலக் கேட்டாய். கிடாயைக் கேட்டாயா, முனியைக் கேட்டாயா, அண்ணனைத்தான் கேட்டாயா, எனக்குத் தெரியாது. நான் உன்னிடம் அதைக் கேட்டதே இல்லை.

பிறகு நார் எடுத்து, வழக்கம்போல முழுக்கத் தேய்த்து, துடைத்து, அரிவாள்காரரிடம் கயிற்றைக் கொடுத்தாய். திரும்பிப் பார்க்காமல் அம்மிக்குப் போனாய். அன்று நீ வைத்த கறியை என் கடையில் இன்றுவரை என்னால் வைக்க முடியவில்லை. சின்ன வெங்காயமும் மிளகும் சீரகமும்தான். தேங்காய் இல்லை. எண்ணெய்கூடக் கறியின் கொழுப்பிலிருந்து வந்ததுதான். சனம் முதலில் தொடவில்லை. என் இலையைக் காட்டி, "ஆரம்பியும்," என்றாய். ஆரம்பித்தேன். பிறகு ஒவ்வொருவராகக் கை வைத்தார்கள். துக்கத்துக்கு வந்தவர்கள் குனிந்த தலை நிமிராமல் தின்றார்கள். சற்று நேரத்தில் யாரோ ஒருவர் மெதுவாக, வெட்கத்தோடு, இன்னும் கொஞ்சம் சோறு கேட்டார். நீ அழுதது அப்போதுதான். அழுதுகொண்டே பரிமாறினாய். காலும் தலையும் நீயே வாட்டி, குளம்பு தட்டி, சூப்பு வைத்து அண்ணனுக்குப் படைத்தாய். அவர் திருப்பிக்கொள்ள முகமில்லாத இடத்தில் அந்தக் கிண்ணம் ஆறியது.

அதற்குப் பிறகு எல்லாம் வந்தது மதினி. ரப்பர் விலை ஏறியது. முழு நாள் வேலை வந்தது. கப்பலேறிப் போனவர்களைத் திரும்ப வரச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். மருந்து வீட்டில் நோயாளிக்குப் பால் கொடுக்க ஆரம்பித்தார்கள். ஒவ்வொன்றும் வந்து வாசலில் நிற்கும்போதெல்லாம் என் காதில் உன் குரல் அதையே கேட்டது, இப்ப என்னத்துக்குய்யா என்று.

நாம் கூலாய்க்கு வந்து கடை போட்டோம். போன வருச மழைக்கு நீ படுத்தாய். நெஞ்சில் சளி. நான் வைத்த ஒவ்வொரு சூப்பையும் நீ குடித்தாய், கிண்ணத்தைக் கவிழ்த்துக் காட்டினாய்.

"உப்பு கம்மி, சக்கரவர்த்தி."

"ஜொகூர் ஜலசந்தியையே காய்ச்சி ஊத்துறேன் மதினி, நீ எந்திரி."

"ஊத்தும், ஊத்தும். குடிக்கிறேன்."

குடித்துக்கொண்டே போய்விட்டாய். அண்ணன் குடிக்காமல் போனார். அன்று அவர் குடித்திருந்தால் பிழைத்திருப்பார் என்ற ஒரு எண்ணத்தின் மேல்தான் நான் இத்தனை வருசமாகக் கடை நடத்தினேன். அந்த எண்ணத்தையும் நீ போகிறபோது எடுத்துக்கொண்டு போய்விட்டாய். இப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றே ஒன்று. அந்த மரத்தடியில் குலவைச் சத்தம் கேட்டிருந்தால் அண்ணன் அந்தச் சாக்கில் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார். ஒரு வாய் தின்றிருப்பார். பிழைத்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. சாமி தன்னை வேண்டாம் என்று சொல்லிவிட்டது என்ற நினைப்போடு போயிருக்க மாட்டார்.

அதனால் இன்று காலை கரிந்த காலைக் கீழே போட்டுவிட்டுக் கிணற்றடிக்குப் போனேன். உன் மகள் கையிலிருந்த நாரைப் பிடுங்கினேன்.

"அலமாக், என்ன சித்தப்பா?" என்று மலாயில் பதறினாள்.

"வெட்டு முடியுற வரைக்கும் இது மேல ஒரு சொட்டுத் தண்ணி படக்கூடாது."

"நாறுது சித்தப்பா. அவருக்குக் கொமட்டுது."

"சன்னலச் சாத்து."

"சாமிக்கு விட்டது, அழுக்கா நிக்கலாமா?"

உன் குரல்தான், அதே சொல்தான். நாரைத் தூக்கிக் கூரை மேல் எறிந்தேன். காரணத்தைச் சொல்லவில்லை. சொன்னால் உள்ளே படுத்திருப்பவன் காதில் விழும். நனைந்த ஆட்டால் சயாமில் ஒரு பட்டாளமே சளி பிடித்துச் செத்தது என்று ஒரு கதையை எடுத்து விட்டேன். நம்பவில்லை. ஆனாலும் வாளியைக் கவிழ்த்து வைத்தாள்.

கிடா இப்போது கிணற்றடியில் நின்று கத்துகிறது. இதை எழுதும்போதும் கத்துகிறது. அண்ணன் சொன்ன சொல்லுக்கு மாறு செய்கிறேன், தெரியும். நீங்கள் இரண்டு பேரும் ஒரே இடத்தில் இருந்தால் அவரிடம் எடுத்துச் சொல். கத்தட்டும். நாறட்டும். கூலாய் நாறட்டும், ரயில் பெட்டி நாறட்டும், ஜலசந்தி தாண்டி சிங்கப்பூர் நாறட்டும், உலகத்துக் குளம்பெல்லாம் சேர்ந்து நின்றாலும் இவ்வளவு நாற்றம் வராது என்று சனம் மூக்கைப் பொத்தட்டும். தண்ணீர் படும் அன்றைக்கு அது சிலுப்பட்டும், மதினி. உள்ளே படுத்திருக்கிறவன் அந்தக் குலவைச் சத்தத்தை ஒரு தடவை கேட்டுவிடட்டும்.